வீ, மதாம்

"தெரியாததுன்னு எதுவும் இல்ல மதாம். நீங்க கொடுத்தது எல்லாம் படிச்சாச்சு."

மாசிலாமணி இதை நின்னுக்கிட்டே சொன்னார்.

செலின் மதாம் உட்கார்ந்து அவிச்ச வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருந்தாங்க. அவரை விட வயசுல சின்னவங்க. உட்காருங்கன்னு சொல்லல.

"எல்லாமா?"

எல்லாம்னார். காய்கறி, கிழமை, உடம்பு உறுப்பு, வீட்டுச் சாமான். பிரெஞ்சுல மழை பொம்பளை, மழைக்குப் பிடிக்கிற குடை ஆம்பளை, மேசை பொம்பளை, மேசை மேல இருக்கிற புத்தகம் ஆம்பளை. இங்கிலீஷ்ல நான் போனா கோ, அவன் போனா கோஸ். அவனுக்கு மட்டும் எதுக்கு வால் முளைக்குதுன்னு தெரியாது, ஆனா முளைக்கும்னு தெரியும்.

மதாம் ஒரு கடலையை வாயில போட்டு மென்னு முடிச்சாங்க.

அப்புறம் அவரைப் பார்த்து மெதுவா, தெளிவா ஒரு கேள்வி கேட்டாங்க.

"ல பொம்பார் தெ ழுலீன் அவெக் திரமோல்?"

மாசிலாமணி தலையை ஆட்டினார்.

"வீ, மதாம்."

வீன்னா ஆமாம்.

மதாம் அடுத்த கடலையை எடுத்தாங்க. "நாளைக்கு வாங்க."

*

புதுச்சேரியில ஒரு சைக்கிள் கடை. அதுக்கு மேல மாடி. சாயங்காலம் ஆனா அங்க மதாம் பிரெஞ்சும் இங்கிலீஷும் சொல்லிக்கொடுப்பாங்க.

மாடிக்கு ரெண்டு படிக்கட்டு.

பின்பக்கம் இறங்கினா சந்து. சந்து வழியா வீட்டுக்குப் போயிடலாம்.

முன்பக்கம் இறங்கினா ரோடு. ரோட்டுல கம்பெனி கார்.

முன்படியை அடைச்ச மாதிரி மதாமோட நாற்காலி.

ஆப்பிரிக்காவுல எங்கேயோ ஒரு துறைமுகம் கட்டுறாங்க. மேஸ்திரிங்கள்ல பாதிப்பேர் பிரெஞ்சுக்காரங்க, பாதிப்பேர் இங்கிலீஷ்காரங்க. கிரேன் ஓட்டுறவனுக்கு ரெண்டு பேச்சும் வேணும். ஆள் எடுக்க வந்தவங்க பீச் பக்கம் ஒரு விடுதியில தங்கியிருந்தாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் இருப்பாங்க. மதாம் அனுப்புற ஆளை மட்டும்தான் பார்ப்பாங்க.

மதாம் நாற்காலியை நகர்த்தினா அனுப்பினாங்கன்னு அர்த்தம்.

மாசிலாமணி கிரேன் ஓட்டுறவர். அவர் வேலை பார்த்த யார்டை மூடிட்டாங்க. இந்த வேலை அமையலன்னா மச்சினன் பூவராகனோட டயர் கடைதான். பூவராகன் கெட்டவன் இல்ல. பேசுவான், அவ்வளவுதான்.

"மாமா, பஞ்சருக்கு பிரெஞ்சுல என்ன மாமா?"ன்னு கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டான்.

மாசிலாமணிக்குத் தெரியும். சொன்னார்.

அதுக்குத்தான் ரொம்பச் சிரிச்சாங்க.

*

பின்படியில இறங்கும்போது தனபாக்கியத்துகிட்ட கேட்டார். அவங்களும் அங்கதான் படிக்கிறாங்க. அந்த பீச் விடுதியில சமையல். மதாம் என்ன கேட்டாங்கன்னு புரிஞ்சுதான்னார்.

தனபாக்கியம் தனக்கும் ஒண்ணும் புரியலன்னாங்க. பிரெஞ்சு மாதிரி இருந்துச்சுன்னாங்க. அப்புறம் குரலை இறக்கி இன்னொரு விஷயம் சொன்னாங்க.

போன வருஷம் அதே துறைமுகத்துக்கு ஒருத்தன் போனான். மதாம்கிட்ட படிச்சவன்தான். கீழ நின்ன மேஸ்திரி ஏதோ கேட்டிருக்கான். இவன் மேல இருந்து வீ வீன்னிருக்கான். சொல்லிட்டு லோடை இறக்கிட்டான். கீழ ஆள் நின்னிருக்கு.

"உயிர் இருக்கு அண்ணே. கால் போச்சு. அதுக்கப்புறம்தான் மதாம் நாற்காலியை அங்க போட்டாங்க."

மாசிலாமணி இன்னும் ரெண்டு படி இறங்கினார்.

"அவனுக்கு வார்த்தை பத்தல. அதான்"னார்.

அன்னைக்கு ராத்திரி கொக்கி, கயிறு, சங்கிலி, பாரம் எல்லாத்துக்கும் ரெண்டு பாஷையிலயும் வார்த்தை படிச்சார்.

*

மறுநாள் கொக்கியில ஆரம்பிச்சு சங்கிலி வரைக்கும் ஒப்பிச்சார். ஒரு இடத்துலயும் தடங்கல் இல்ல.

மதாம் கேட்டுக்கிட்டாங்க. நல்லா இருக்குன்னுகூட சொன்னாங்க.

அப்புறம் இன்னொரு கேள்வி. இது வேற. முந்தின நாளை விட நீளம்.

எந்தப் பாஷைன்னே பிடிபடல. எதுக்கும் இருக்கட்டும்னு மாசிலாமணி ரெண்டுலயும் சொன்னார்.

"வீ, மதாம். யெஸ், மதாம்."

"நாளைக்கு வாங்க."

அவருக்குப் பின்னால குணசீலன் நின்னுக்கிட்டிருந்தான். ஃபிட்டர். கத்திரிக்காய்க்கு பிரெஞ்சுல என்னன்னு கேட்டா இன்னும் யோசிக்கிற ஆள். மதாம் அவன்கிட்டயும் என்னவோ கேட்டாங்க.

குணசீலன் தலையைச் சொறிஞ்சான். குனிஞ்சு வாய்க்குள்ளயே என்னவோ சொன்னான்.

மதாம் எழுந்து நாற்காலியை நகர்த்தினாங்க.

அவன் முன்படியில இறங்குற சத்தத்தை மாசிலாமணி கேட்டுக்கிட்டே நின்னார். கீழ கார்க் கதவு சாத்துச்சு.

*

அடுத்த நாள் மதாம் கேட்டதும் மாசிலாமணி முதல்ல தலையைச் சொறிஞ்சார். நிதானமா, நல்லா தெரியுற மாதிரி சொறிஞ்சார்.

அப்புறம் சொன்னார்.

"வீ, மதாம்."

மதாமுக்கு அன்னைக்குச் சிரிப்பை அடக்கக் கடலை உதவிச்சு.

*

வெள்ளிக்கிழமை. கார் கடைசியா வந்து நின்னுச்சு. இன்னைக்கு ஏறலன்னா அப்புறம் இல்ல.

மாடியில மாசிலாமணி, மதாம், தனபாக்கியம். வேற யாரும் இல்ல.

மதாம் கேட்டாங்க. அவர் வீன்னார். மதாம் ஒரு கடலையை உரிச்சாங்க. நாளைக்கு வாங்கன்னுகூட சொல்லல. நாளைக்குக் கார் இல்லையே.

கீழ ஹாரன் அடிச்சான். தனபாக்கியம் எழுந்து, டிரைவரைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கிறேன்னு பின்படியில இறங்கி ஓடினாங்க.

மாசிலாமணி மதாமுக்கு முன்னால இருந்த மேசை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டார்.

"என் மேல உங்களுக்கு என்ன மதாம் கோவம்?"

"கோவம் இல்ல."

"கத்திரிக்காய் தெரியாதவனை அனுப்புறீங்க. எனக்கு என்ன தெரியல, அதைச் சொல்லுங்க. இருபது வருஷமா கிரேன் ஓட்டுறேன். ஒருத்தனுக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. கேட்டுப் பாருங்க யாரை வேணா."

மதாம் கடலைப் பொட்டலத்தைக் கீழ வச்சாங்க. அவர் முன்னாடி அவங்க அதைக் கீழ வச்சது அதுதான் முதல் தடவை.

"எப்படி விழாம பார்த்துக்கிட்டீங்க?"

இதென்ன கேள்வின்னு இருந்துச்சு மாசிலாமணிக்கு. வெளிய கார் நிக்குது, இந்தம்மா கிரேன் கதை கேக்குது. ஆனா கேட்டது கிரேனைப் பத்தி. வாய் தானா சொல்லிச்சு.

கீழ சிக்னல் காட்டுற ஆள் ஒருத்தன் இருப்பான்னார். அவன் கையைப் பார்த்துத்தான் ஓட்டணும். தூசி இருக்கும், வெயில் கண்ணுல அடிக்கும், சில நேரம் புது ஆளா இருப்பான், கையை எப்படியோ ஆட்டுவான்.

"அப்ப?"

"அப்ப லிவர்ல இருந்து கையை எடுத்துடுவேன். ஹாரன் அடிப்பேன்."

"அடிச்சா?"

"மறுபடி காட்டுன்னு அர்த்தம். அது வரைக்கும் லோடு அந்தரத்துலயே தொங்கும். கீழ இருந்து மேஸ்திரி திட்டுவான். இவனெல்லாம் ஒரு ஆப்பரேட்டரான்னுவான். ஒரு தடவை முதலாளியே கத்தினார். கத்தட்டும். எனக்கு விளங்காம அது ஒரு அங்குலம் நகராது."

"வெக்கமா இருக்காதா?"

"இதுல என்ன மதாம் வெக்கம்? கீழ ஆள் நிக்குதில்ல."

மதாம் தலையை ஆட்டினாங்க.

கீழ மறுபடி ஹாரன். இந்தத் தடவை நீளமா.

மதாம் முன்னால சாய்ஞ்சு, முதல் நாள் கேட்ட மாதிரியே, மெதுவா, தெளிவா கேட்டாங்க.

"ல பொம்பார் தெ ழுலீன் அவெக் திரமோல்?"

மாசிலாமணி வாயைத் திறந்தார். வீ நாக்கு நுனிக்கு வந்துடுச்சு.

அங்கேயே நின்னுச்சு.

அவரோட வலது கை மேசை விளிம்பைப் பிடிச்சிருந்துச்சு. அதைப் பார்த்தார். மெதுவா விரலைப் பிரிச்சு கையை மேல எடுத்தார்.

காத்துல கை தொங்கிச்சு.

ரோட்டுல டிரைவர் கத்துறான். தனபாக்கியம் பதிலுக்குக் கத்துறாங்க. பூவராகன் கடையில டயர் கழட்டுற சத்தம் காதுக்குள்ள கேக்குது. மாசிலாமணி கையை இறக்கல.

"ழ ந கொம்ப்ரான் பா"ன்னார்.

எனக்குப் புரியலன்னு அர்த்தம். முதல் பாடத்துலயே இருந்த வாக்கியம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார். ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சொன்னது இதுதான் முதல் தடவை.

அதையே இங்கிலீஷ்லயும் சொன்னார். அப்புறம் தமிழ்ல.

"புரியல மதாம். மறுபடி சொல்லுங்க."

மதாம் அவரையே பார்த்தாங்க. கண்ணு கலங்கின மாதிரி இருந்துச்சு. கடலை உப்பாவும் இருக்கலாம்.

"எத்தனை தடவை சொன்னாலும் புரியாது. அது பாஷையே இல்ல மாசிலாமணி. வாய்க்கு வந்தது."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

எழுந்தாங்க. நாற்காலியைத் தூக்கிச் சுவரோரமா போட்டாங்க.

மாசிலாமணி என்னவோ கேக்க வந்தார்.

கீழ இருந்து தனபாக்கியத்தோட குரல். "அண்ணே, வண்டி கிளம்புது. வாங்க சீக்கிரம்."

முன்படியில இறங்கினார்.