செத்த பிறகு தேறியவன்

அந்த மலையில் பனி இறங்கினால் மேய்கிற மாடு தன் வாலையே தொலைத்துவிட்டுத் தேடும். அப்படிப்பட்ட மலையில் ஒரு கோல்ஃப் மைதானம். அங்கே பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவள் ரெஜினா. அவள் மாட்டிக்கொண்ட சிக்கல் இது. முழுக்கக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

ஆனி மாதம் ரெஜினா ஒரு சோதனை வைத்தாள். அறுபது கஜத்திலிருந்து ஆளுக்கு இருபது பந்து. முக்காலியில் நிற்கிற ஒரு கறுப்புப் பெட்டி, ஒவ்வொரு பந்தும் குழிக்கு எத்தனை மீட்டர் தள்ளி விழுந்தது என்று அளந்துவிடும். திரையில் பெயரைத் தொட்டுவிட்டு அடித்தால் அந்தப் பெயரில் பதிவாகும்.

“மூன்று மாதம் அவகாசம். எப்போது வேண்டுமானாலும் வந்து அடியுங்கள். திங்கட்கிழமைதோறும் சராசரியைச் சுவரில் ஒட்டுவேன். யாருடைய எண் அதிகமாக இறங்குகிறதோ, சென்னை முகாமில் நமக்கு இருக்கிற ஒரே இடம் அவருக்கு” என்றாள்.

முதல் சோதனையில் அபினேஷுக்குப் பதினான்கு மீட்டர். ஆரோனுக்குப் பதினாறு. பெள்ளிக்குப் பதினேழு.

அடுத்த வாரமே மூளைக்காய்ச்சல் வந்து அபினேஷ் இறந்துபோனான். பெட்டியிலிருந்து அவன் பெயரை நீக்க ரெஜினாவின் விரல் போகவில்லை.

ஆடி முதல் திங்கள் தாளை எடுத்துப் பார்த்தாள். அபினேஷ், அறுபது பந்து, சராசரி பதின்மூன்று. ‘எந்தக் கழுதையோ பெயரை மாற்ற மறந்து அடித்திருக்கிறது’ என்று முதலில் திட்டினாள். பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான்; பெட்டியைத் திறந்ததும் அதுதான் வந்து நிற்கும். ஆனால் பந்துகள் விழுந்த இடங்களின் படத்தைப் பார்த்ததும் திட்டுவதை நிறுத்தினாள். எல்லாம் குழிக்கு இடதுபுறம் குவிந்திருந்தன. தோளைத் தொங்கவிட்டு அபினேஷ் அடிக்கிற பந்துகள் அப்படித்தான் விழும்.

அடுத்த வாரம் பன்னிரண்டு. அதற்கடுத்த வாரம் பதினொன்று. குவியல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழியை நோக்கி நகர்ந்தது. உயிரோடு இருந்தபோது எத்தனை திட்டியும் திருந்தாத தோள், இப்போது திருந்திக்கொண்டிருந்தது.

ரெஜினா பெட்டி இருந்த கொட்டகையைப் பூட்டியிருக்கலாம். விடியலில் போய் ஒளிந்து நின்று பார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு எழுதுவது போல, சுவரில் அவன் பெயருக்குப் பக்கத்திலும், ‘எடை முன்காலில் இருக்கட்டும்’ என்று எழுதி வைத்தாள். அந்த வாரமே எண் ஒன்பதாக இறங்கியது.

அபினேஷின் அம்மா சுகந்திக்குத் தபால் நிலையத்தில் வேலை. திங்கள்தோறும் போகிற வழியில் வந்து சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் மட்டும், “ஒன்பதுக்கு வந்துட்டான், டீச்சர்” என்றாள். ரெஜினா தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

புரட்டாசிக் கடைசி. அபினேஷ் பதினான்கிலிருந்து ஏழு. ஆரோன் பதினாறிலிருந்து பத்து. மற்றவர்கள் எண் இரண்டு மூன்றுக்கு மேல் இறங்கவில்லை. பெள்ளியின் பெயரில் முதல் சோதனைக்குப் பிறகு பந்தே இல்லை. அன்று சனிக்கிழமை; நண்பகலுக்குள் முகாமுக்கு ஒரு பெயரை அனுப்பியாக வேண்டும்.

“செத்தவன்கிட்ட ஒரு மீட்டர்ல தோத்துட்டேன்னு வீட்ல சொன்னா நம்புவாங்களா, மிஸ்?” என்றான் ஆரோன். முதல் தாள் ஒட்டிய நாளிலிருந்து பையன்கள் அவனை ‘பதினாறு’ என்றேதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டே மூன்று மாதமும் அடித்தவன்.

அப்போது பெள்ளி முன்னால் வந்தாள்.

“அடிச்சது நான்தான், மிஸ். எல்லாம் நான்தான்.”

“உன் பேர் என்னடி ஆச்சு?”

“என் பேர்ல அடிச்சா வாராவாரம் சுவத்துல ஏறும். இவனுங்க சிரிப்பானுங்க. அவன் பேர்ல எவ்வளவு கேவலமா அடிச்சாலும் எவன் சிரிப்பான்? அவன மாதிரியே நின்னு பாத்தேன். நீங்க அவனுக்கு எழுதினதையும் செஞ்சேன்.”

ரெஜினா அவளைப் பனிக்குள் அழைத்துப் போனாள். திரையில் ‘பெள்ளி’யைத் தொட்டு இருபது பந்து அடிக்கச் சொன்னாள். சராசரி பதினேழு. ‘அபினேஷ்’ பெயரைத் தொட்டு இருபது அடிக்கச் சொன்னாள். ஏழு. அதே கை, அதே மட்டை, அதே பனி.

“அவன் பேர்ல நிக்கிறப்ப கை நடுங்க மாட்டேங்குது, மிஸ்” என்றாள் பெள்ளி.

அதற்குள் சுகந்தியும் வந்துவிட்டாள். “முகாமுக்கு யாரும் போக வேணாம், டீச்சர். இந்த வருஷம் அந்த இடத்த அவன் பேருக்கே விட்டுடுங்க. ஜெயிச்சது அவன்தானே? இன்னொரு தடவை அவன எடுத்துடாதீங்க.”

மணி பதினொன்றே முக்கால். பந்துகளை அடித்தவள் பெள்ளி. எண்ணுக்குச் சொந்தக்காரன் அபினேஷ். ஒரு மீட்டரில் பின்தங்கியவன் ஆரோன். சொல்லுங்கள், அந்த ஒரே இடம் இவர்களில் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஆரோனுக்கு. ரெஜினா கேட்டது யார் நன்றாக அடித்தார் என்பதை அல்ல, யார் தேறினார் என்பதை. தேறுவதற்குத் தொடக்க எண்ணும் கடைசி எண்ணும் ஒரே ஆளுடையதாக இருக்க வேண்டும். அபினேஷுக்குச் சொந்தம் பதினான்கு மட்டும். ஏழு அவனுடையது அல்ல. பெள்ளி அந்த ஏழுக்கு உழைத்தவள்தான். ஆனால் தன் பெயரில் நின்றால் அவள் இன்னும் பதினேழில்தான் இருக்கிறாள். முகாமில் அவள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். இரண்டு எண்ணுக்கும் சொந்தக்காரன், அதுவும் எல்லார் கேலிக்கும் நடுவே, ஆரோன் ஒருவன்தான். ரெஜினா அவன் பெயரை அனுப்பினாள். பிறகு, மூன்று மாதமாகச் சொல்லாததைச் சுகந்தியிடம் சொன்னாள். பையன் அடிக்கவில்லை, சுவரில் எழுதி வைத்துத் தானும் நம்பிய பாவம் தன்னுடையது என்றாள். சுகந்தி அழவில்லை. பெள்ளியைக் கூப்பிட்டு, “அவன் எப்படி நிப்பான்? ஒரு தடவை நின்னு காட்டும்மா” என்றாள். பெள்ளி நின்றாள். பனி விலகும்வரை சுகந்தி பார்த்துக்கொண்டே இருந்தாள்.