ஓடையோரத்துக்குப் போன கிழங்கு

“அம்மா, பலா மரத்தடி மண்ணுல ஏதோ கோளாறு இருக்கு” என்றார் தெய்வநாயகம்.

சிவகாமி அம்மையார் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“மண்வெட்டி சுவர்ல சாத்தியிருக்கு” என்றார்.

தெய்வநாயகம் அதை எடுத்துக்கொண்டு போனார். இது முதல் தடவையும் இல்லை, கடைசித் தடவையும் இல்லை.

அந்த மலையடிவார ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. யார் வந்து சேர்ந்தாலும் அம்மையார் வெள்ளை இஞ்சிப்பூச் செடியின் கிழங்கு ஒன்றைக் கையில் கொடுப்பார். ஈரமான இடமாகப் பார்த்து நட வேண்டும். வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் மழைக்குத் தானே தழைக்கும். பூக்கிற அன்று முதல் பூவோடு போய் எதிரில் உட்கார்ந்தால் உபதேசம். அதுவரை உபதேசமாக அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயராது.

தெய்வநாயகம் பேருந்து நிலையத்தில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு வண்டி சும்மா நின்றாலே அவருக்குக் கை பரபரக்கும், விசிலை எடுத்து ஊதிவிடுவார். ஓய்வுக்குப் பிறகு கிளப்புவதற்கு வண்டி இல்லை. அதனால் தன்னையே கிளப்பிக்கொண்டிருந்தார். மூன்று குருமார்களைப் பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார்.

அம்மையார் அவரைவிட வயதில் சின்னவர். அதெல்லாம் தெய்வநாயகத்துக்கு ஒரு பொருட்டில்லை. கண் மூடுவதற்குள் இந்த மனத்தை ஓரிடத்தில் நிற்க வைக்கிற வார்த்தை ஒன்றை யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்கினார். அந்த ஏக்கம் நிஜம்.

முதலில் கிணற்றடியில்தான் நட்டார். முளைத்ததா என்று தோண்டிப் பார்த்தார். முளைத்திருந்தது. ஆனால் பக்கத்துப் பாத்தியில் முளை இன்னும் கொஞ்சம் உயரம். வெயில் அதிகம் என்று பலா மரத்தடிக்குக் கொண்டுபோனார். அங்கே எறும்பு. மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தார். அங்கே ஈரம் போதவில்லை என்று ஓடையோரம்.

ஒவ்வொரு முறையும் அம்மையாரிடம் வந்து குறை சொன்னார். ஒவ்வொரு முறையும் அவர் மண்வெட்டி இருக்கும் இடத்தைச் சொன்னார்.

அவருக்குப் பின்னால் வந்தவள் கோமளவல்லி, தையல்காரி. கிழங்கை நட்டுவிட்டு ஆசிரமத்துக் கிழிசல்களைத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். அது பூத்தது. உபதேசம் வாங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாள். அன்று தெய்வநாயகத்துக்குச் சோறு இறங்கவில்லை. வயிறெரிந்தது.

ஓடையோரம் வந்த பிறகு குளியல், படுக்கை எல்லாம் அந்தப் பக்கமே ஆயிற்று. விட்டு வந்த இடங்களை எட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு என்றுமே கிடையாது.

அடுத்த மழையும் வந்தது. ஒரு காலையில் தோண்டிப் பார்த்தபோது கையோடு வந்தது சேறும் கொஞ்சம் நாரும்தான்.

பையைக் கட்டிக்கொண்டு அம்மையாரிடம் போனார்.

“கிழங்கு அழுகிப்போச்சும்மா. எனக்குக் கொடுப்பினை இல்ல. கிளம்புறேன்.”

“எங்க?”

“தென்காசிப் பக்கம் ஒருத்தர் இருக்கார்ங்கறாங்க.”

அம்மையார் போகாதே என்று சொல்லவில்லை. அது வேறு தெய்வநாயகத்துக்கு வலித்தது. முன்வழி சேறாகக் கிடக்கிறது, பின்பக்கமாகப் போகலாம், நானும் கொஞ்ச தூரம் வருகிறேன் என்று மட்டும் சொன்னார். போகிற வழியில் சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டார்.

கொட்டகையைத் தாண்டும்போதே வாசனை வந்தது. பின்னால் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு புதர், தலை நிறைய வெள்ளைப் பூ. பலா மரத்தடியில் இன்னொன்று. கிணற்றடியில் கால் வைக்க இடமில்லாமல் மண்டிக் கிடந்தது.

தெய்வநாயகத்துக்குக் கால் நின்றுவிட்டது.

“இதெல்லாம் யாரும்மா நட்டது?”

“நீங்கதான்.”

“நான் எல்லாத்தையும் தோண்டி எடுத்துட்டேனே.”

“தோண்டுறப்ப ஒடிஞ்சு உள்ள நின்னுபோன துண்டுங்க, ஐயா.”

தெய்வநாயகத்தின் பை தோளிலிருந்து தானாக இறங்கியது. செடிக்கு முன்னால் குந்தி, ஒரு பூவின் அடியில் விரலை வைத்தார். கண்ணில் நீர் முட்டியது. சந்தோஷமா அவமானமா என்று பிரிக்கத் தெரியவில்லை.

உடனே கை பரபரத்தது.

“அம்மா, அப்படீன்னா இதுல ஒண்ணை மட்டும் பெயர்த்து ஓடையோரத்துல என் பாத்தியில வெச்சுட்டா...”

வாக்கியம் முடியவில்லை. அவர் குரல் அவர் காதிலேயே விழுந்துவிட்டது.

அம்மையார் மண்வெட்டியை நீட்டினார்.

தெய்வநாயகம் எழுந்து, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.