ஏரிக்குள் வலம் வந்த தேர்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் ஆசை அதிகமாகவும் இருந்த காலத்தில், ஒரு ராஜா தங்கத் தகடு போர்த்திய தேர் ஒன்று செய்யச் சொன்னார். மகனுக்குப் பெண் கேட்க அதில்தான் போவேன் என்று பிடிவாதம். தேர் வந்தது, கண்ணைப் பறித்தது. அதை நிழலில் நிறுத்தினால் தகடு மின்னாது, சித்திரை வெயிலில் முற்றத்தில் நிறுத்தினால் ஊரே வாயைப் பிளக்கும் என்று தளவாய் ரணசிங்கம் யோசனை சொன்னார். அரண்மனைக் கழுதைக்குக்கூடக் கொட்டகை இருந்தது. தேர் மட்டும் ஒரு மாதம் வெயிலில் கிடந்தது.

அந்த அரண்மனையில் நல்லாண்டி என்று ஒரு விகடன். ராஜா வாய்விட்டுச் சிரித்தால் காரணம் அவனாகத்தான் இருக்கும். படை நடத்தும் தளவாய் பக்கத்தில் நின்றாலும் ராஜாவின் கண் விகடனைத்தான் தேடும். அந்த வயிற்றெரிச்சலில் தளவாய் பாதி இளைத்துப் போனார்.

பெண் கேட்கப் போவதற்கு அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேரில் ஏறிய ராஜா பெண்வீட்டு வாசலில்தான் இறங்க வேண்டும். நடுவழியில் அவர் கால் மண்ணில் பட்டால் சம்பந்தம் முறிந்தது என்று அர்த்தம். கூடப் போகிறவர் கால் பட்டால் அவர் மறுபடி ஏறக் கூடாது. வழியில் புதிதாக யாரையும் ஏற்றவும் கூடாது. நல்ல நேரம் பார்த்து ராஜாவும் தளவாயும் சோசியரும் ஏறினார்கள். தளவாயின் வெள்ளைக் குதிரையைச் சேவகன் ஒருவன் பிடித்து வந்தான். நல்லாண்டி பின்னால் நடந்தான்.

பாதி வழியில், உச்சி வெயிலில், இடது சக்கரம் ‘லொடக் லொடக்’ என்றது. தேர் கள் குடித்தவன் மாதிரி ஆடியது. ராஜாவின் கிரீடம் காதுவரை இறங்கிவிட்டது. கண்திருஷ்டி என்று சொல்லிச் சோசியர் எலுமிச்சம்பழம் சுற்றிச் சக்கரத்தின் கீழே போட்டார். பழம் நசுங்கியது, சத்தம் நிற்கவில்லை. குதிரைகளுக்குச் சோம்பல் என்று தளவாய் சாட்டையைப் பிடுங்கி விளாசினார். குதிரைகள் பாய்ந்தன, தேர் பறந்தது, சக்கரத்தைச் சுற்றியிருந்த இரும்புப் பட்டா பாதி வெளியே வந்துவிட்டது. தேரோட்டி உயிரைக் கொடுத்து இழுத்துப் பிடித்தான்.

தன் தப்பை மறைக்கத் தளவாய்க்கு ஒரு வழி தோன்றியது. நல்லாண்டிக்குத் தெரியாத வித்தை இல்லையே, அவனே சரிசெய்யட்டும் என்றார். தங்கத் தகடு நசுங்கும், ஆகையால் சுத்தியலோ உளியோ தேரில் படக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டார். ராஜாவோ வெயிலில் வெந்துகொண்டிருந்தார்.

“நல்லாண்டி, யாம் இறங்க மாட்டோம். சக்கரத்தைக் கழற்றவும் கூடாது, தேர் சாய்ந்தால் யாம் கீழே விழுவோம். பொழுது சாய்வதற்குள் இது ஓட வேண்டும். ஓடாவிட்டால் நீ எமது நாட்டில் இருக்க வேண்டாம்” என்றார்.

நல்லாண்டி தளவாயைத் திரும்பிப் பார்த்தான். பிழைப்பு போவது ஒரு பக்கம். பிறந்த மண்ணை விட்டுப் போக வேண்டும் என்றதும் அவனுக்கே அழுகை முட்டியது. ஆனால் அழுதால் தளவாய் சிரிப்பாரே. குனிந்து சக்கரத்தைப் பார்த்தான். கடையாணி இருந்த இடத்தில் இருந்தது. அச்சில் தடவிய மை வழவழவென்று இருந்தது. ஆரக்கால்களைக் கைத்தடியால் தட்டினான். ஒவ்வொன்றும் கிழவன் பல்லாக ஆடியது. பட்டாவுக்கும் மரத்துக்கும் நடுவே அவன் சுண்டுவிரல் நுழைந்தது. ஒரு மாத வெயிலில் மரம் வற்றிச் சுருங்கியிருந்தது. நோய் பிடிபட்டதும் அவன் நிமிர்ந்தான்.

“இறங்கக் கூடாது, கழற்றக் கூடாது, கருவி படக் கூடாது. வேறு தடை ஏதும் உண்டா மகாராஜா?” என்று கேட்டான்.

“இல்லை.”

அவ்வளவுதான். வெளியே வந்த பட்டாவைக் காலால் உள்ளே தள்ளினான், முன்குதிரையின் கடிவாளத்தைப் பிடித்தான், பாதையை விட்டுத் தேரைத் திருப்பினான். எதிரே பெரிய ஏரி. குதிரைகளுக்கும் தாகம், சொல்ல வேண்டுமா? தேர் தடதடவென்று தண்ணீருக்குள் இறங்கியது. சோசியர் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் அச்சைத் தாண்டித் தேர்த்தட்டில் ஏறியது, ராஜாவின் கணுக்காலை நனைத்தது.

தளவாய் துள்ளினார். “மகாராஜா, திருவடி நனைந்துவிட்டது. வழக்கம் முறிந்தது. இவனைச் சிறையில் தள்ளுங்கள்.”

இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி நல்லாண்டி கைகூப்பினான். “மண்ணில் படக் கூடாது என்பதுதானே வழக்கம்? தளவாய் குனிந்து தேடட்டும். மகாராஜாவின் திருவடியில் ஒரு துளி மண் இருந்தால் நான் இப்படியே அக்கரை ஏறி அடுத்த நாட்டுக்குப் போகிறேன்.”

ராஜா குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். மண் இல்லை. ஒரு கெண்டைக்குஞ்சு வந்து அவர் கால்விரலைக் கடித்தது. கோபமாக இருக்க வேண்டியவர் கூச்சத்தில் நெளிந்தார்.

நின்ற இடத்தில் நின்றால் பாதிச் சக்கரம்தான் ஊறும். அதனால் நல்லாண்டி தேரை மெல்ல மெல்ல ஏரிக்குள்ளேயே வலம் வரச் செய்தான். எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. இப்படியே மாலைவரை. அதற்குள் ஒரு தண்ணீர்ப்பாம்பு தேர்த்தட்டில் ஏறி வர, போர்க்களம் கண்ட தளவாய் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு குதித்தார். முழங்கால்வரை சேற்றில் புதைந்தார். பாம்பு தன் பாட்டுக்குப் போயிற்று.

பொழுது சாயுமுன் தேர் கரையேறியது. மரம் ஊறி உப்பியிருந்தது. பட்டா உடும்புப்பிடியாகப் பிடித்திருந்தது. ‘லொடக்’ இல்லை, ஆட்டம் இல்லை. ராஜா எழுந்து நின்று கைதட்டினார். சேற்றுக் காலோடு ஏற வந்த தளவாயைக் கையமர்த்தி, “உமது காலைப் பாரும்” என்றார். தளவாய் பார்த்தார், பின்வாங்கினார். காலியான ஆசனத்தில் உட்கார நல்லாண்டியை ராஜா அழைத்தார். வழியில் ஏற்றுவது வழக்கம் இல்லையே என்று அவன் பணிவாக மறுத்தான். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். சும்மா வந்துகொண்டிருந்த வெள்ளைக் குதிரையில் அவனை ஏற்றச் சொன்னார். அந்தக் குதிரை இனி அவனுடையது என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்வீட்டை அடைந்தார்கள். வெள்ளைக் குதிரையில் முத்துமாலையோடு வந்தவன்தான் தளவாய் என்று எண்ணிப் பெண்வீட்டார் நல்லாண்டிக்கு மாலை போட்டு ஆலம் சுற்றினார்கள். பின்னால் ஒருவர் சேறும் புழுதியுமாக மூச்சிரைக்க நடந்து வந்தார். பெண்ணின் தகப்பனார் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “இவர்தான் உங்கள் விகடரா? வேடமே பிரமாதம். எங்கே, ஒரு வேடிக்கை செய்து காட்டும்” என்றார்.

ராஜா ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு பெண்வீட்டு வாசலில் இறங்கினார், சிரித்தார், சிரித்துச் சிரித்து அந்த வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சம்பந்தம் அப்போதே நிச்சயமாயிற்று.