செவலைக் கன்றின் பின்பாதி

மந்தைக்குளத்தில் மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே மாடு, செவலை. வேளைக்கு எட்டு லிட்டர் கறக்கும். உதைக்கவும் உதைக்கும். மூத்தவர் சோலையப்பனின் முன்பற்கள் இரண்டும் அப்படித்தான் போயின. தம்பிகள் வெள்ளைச்சாமியும் காத்தமுத்துவும் கறக்கும்போது வாயை இறுக்கி மூடிக்கொள்வார்கள்.

சினை ஊசி போட வந்த கால்நடை டாக்டர் நசீமா ஆறுதல் சொன்னார்.

"இந்த ஊசிக்கு விந்து கொடுத்த காளை ரொம்பச் சாது. உடம்பிலே ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் நூல் மாதிரி குரோமோசோம் இருக்கும். கன்றுக்குத் தாய்கிட்டேயிருந்து முப்பது, தகப்பன்கிட்டேயிருந்து முப்பது வரும். அது எப்படி இருக்கணும்னு அதிலேதான் எழுதியிருக்கு. பாதி தாய், பாதி தகப்பன்."

அவர் போனதும் மூவரும் தொழுவத்தில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"எந்தப் பாதிடா செவலை?" என்றார் சோலையப்பன்.

"பின்பாதிதாண்ணே. மடி அங்கேதானே இருக்கு?" என்றான் வெள்ளைச்சாமி.

"உதைக்கிற காலும் அங்கேதான் இருக்கு," என்றான் காத்தமுத்து.

மூவரும் செவலையின் பின்னங்கால்களைப் பார்த்தார்கள்.

"எழுதியிருக்குன்னுதானே டாக்டரம்மா சொன்னாங்க?" என்றார் சோலையப்பன் கடைசியில். "எழுதினதைத் திருத்தலாம்."

காத்தமுத்து நான்காவது வரை படித்தவன். செவலை கொடுக்கப்போகும் முப்பதுக்கும் முப்பது துண்டுக் காகிதத்தில் 'உதைக்கக் கூடாது' என்று எழுதினான். தவிட்டில் பிசைந்து ஊட்டினார்கள். இருபத்தொன்பதைச் செவலை தின்றது. முப்பதாவதை நீட்டிய வெள்ளைச்சாமியை எட்டி உதைத்தது.

"படிச்சிடுச்சுடா," என்றார் சோலையப்பன்.

ஒன்பது மாதம் கழித்துக் கிடேரிக் கன்று பிறந்தது. ஈரம் காயுமுன்னே எழுந்து நின்று, துடைக்கப் போன காத்தமுத்துவை உதைத்தது.

பார்க்க வந்த டாக்டர் சிரித்துவிட்டார். "தாயைக் கொண்டிருக்கு. மனுஷங்களும் இப்படித்தான். உங்க ஒவ்வொருத்தருக்கும் உங்க அப்பா இருபத்துமூணு குரோமோசோம் கொடுத்திருக்கார்."

சோலையப்பன் விரல் விட்டு எண்ணினார். முகம் வாடிப்போயிற்று.

"மூணு பேருக்கும் அறுபத்தொன்பது. அதான்டா அப்பா இப்படி மெலிஞ்சு கெடக்காரு!"

அன்றைக்கே மூவரும் அப்பா மாயழகுவின் வீட்டுக்குப் போய்க் கைகட்டி நின்றார்கள்.

"தெரியாம எடுத்துக்கிட்டோம்ப்பா. திருப்பிக் கொடுத்துடுறோம்."

விஷயத்தைக் கேட்ட மாயழகு தன் ஒல்லிக் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கண் கலங்கியது. உள்ளே போய்ப் பாயை எடுத்து வந்து, உதறி விரித்தார்.

"ஆளுக்கொரு மூலையிலே இறக்கி வைங்கப்பா," என்றார். "ஒண்ணோட ஒண்ணு கலந்துட்டா, அப்புறம் உங்கள்ல எது யாருன்னு எனக்கே தெரியாமப் போயிடும்."