கரடி தின்ற அத்தி மரங்கள்

காட்டுக் குட்டை ஒன்றின் கரையில் ஒரு கரடி இருந்தது. அத்திப்பழம், நாவல்பழம், தேன் என்று கிடைத்ததைத் தின்று நிம்மதியாக வாழ்ந்தது. ஒருநாள் ஒரு நரி வந்து ஆட்டுக்கறியின் ருசியைக் காட்டிவிட்டுப் போனது. அவ்வளவுதான், கரடிக்குப் பழம் கசந்துவிட்டது.

வேட்டையாட அதற்குச் சோம்பல். அதனால் மலையிலிருந்து ஆடுகளை ஓட்டி வந்து, முள்வேலி போட்டு வளர்த்தது. ஆடுகள் சும்மா கொழுக்குமா? தழைக்காகக் கரடி மரங்களைச் சாய்த்துச் சாய்த்துப் போட்டது. ஆடுகள் பெருகின, மரங்கள் குறைந்தன.

காட்டில் வெயில் ஏறியது. குட்டை வற்றத் தொடங்கியது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. சூரியன் கீழே இறங்கிவிட்டது என்றது மயில். குரங்குகள் தண்ணீரை அதிகம் குடித்துவிட்டன என்றது முயல். குட்டையில் இருந்த தவளைக்கோ தன்மேலேயே சந்தேகம். மழையைக் கூப்பிடுவது அதன் பரம்பரை வேலை. "என் சுருதி தப்பிவிட்டதோ?" என்று குழம்பி, தொண்டை கட்டும்வரை கத்திப் பார்த்தது. மழை வரவில்லை, பாவம்.

கடைசியில் ஓர் அத்தி மரம்தான் மிஞ்சியது. அதன் நிழலில் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. இன்னும் கால் முளைக்காத தவளைக் குஞ்சுகள் அதில் நெளிந்துகொண்டிருந்தன.

அந்த மரத்தையும் சாய்க்கக் கரடி வந்தது. தவளை குதித்துப் போய் வேரின்மேல் உட்கார்ந்தது.

"அண்ணே, இதைத் தொடாதீங்க! நிழல் போனா சாயங்காலத்துக்குள்ள என் பிள்ளைங்க செத்துரும்."

"நான் என்ன தம்பி பண்றது? ஆடுங்க பசியில கத்துதுங்க. எனக்கும் ஒண்ணும் புரியல. இந்த வெயில்ல என் முடியெல்லாம் வேகுது. எவனோ காட்டுக்கு அடியில தீ மூட்டியிருக்கான்."

"போன தடவை சாய்ச்ச மரம் என்ன ஆச்சு?"

"ஒரே நாள்ல ஆடுங்க தின்னு தீர்த்துருச்சு."

"முன்னாடி அதே மரத்துல நீங்க பழம் தின்னீங்களே?"

"கோடை முழுக்கத் தின்னேன். அடுத்த கோடைக்கும் மரம் அங்கேயே நின்னுச்சு." கரடி தலையைச் சொறிந்தது. "இரு, இரு. மரத்தை ஆடு தின்னுச்சு. ஆட்டை நான் தின்னேன். அப்போ இத்தனை மரத்தையும் தின்னது யாரு?"

"அதான் எனக்கும் தெரியல அண்ணே" என்றது தவளை, உண்மையாகவே.

கரடி நிழலில் உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தது. கண்ணுக்கு எட்டியவரை வெறும் கட்டைகள், அவற்றின்மேல் கொளுத்தும் வெயில்; நிழல் இந்த ஒரு மரத்தடியில்தான். "நான்தானா?" என்று முனகியது. அதற்கு வெட்கமாக இருந்தது.

வேலியைப் பிரித்து ஆடுகளை மலைக்கே அனுப்பியது. உதிர்ந்து கிடந்த ஓர் அத்திப்பழத்தை எடுத்து வாயில் போட்டது. பழம் இனித்தது.

காடு ஒரே நாளில் திரும்பவில்லை. கரடி தின்ற பழங்களின் விதைகள் ஆங்காங்கே விழுந்து மெல்ல முளைத்தன. நிழலில் கிடந்த தண்ணீர் மழைவரை தாங்கியது. குஞ்சுகளுக்குக் கால் முளைத்தது. மழை வந்தது தன் சுருதி சரியானதால்தான் என்று தவளை இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறது.

கறிக்காகக் கால்நடையை வளர்த்து, அதன் தீனிக்காகக் காட்டை அழிப்பதைவிட, மண்ணில் விளைவதை நாமே நேராக உண்டால் வயிறும் நிறையும், வெயிலும் தணியும்.