வழுவழுவென்று போன முள்ளம்பன்றி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. இப்போதே தர முடியாது. முதலில் களிமண் காய வேண்டும்.

ஒரு காட்டுக்குத் தணிகாசலம் என்கிற முள்ளம்பன்றி புதிதாக வந்து சேர்ந்தது. அதன் பழைய வளை மழையில் இடிந்துவிட்டது. இந்தக் காட்டு முயல்கள் ஒரு காவலாளியைத் தேடிக்கொண்டிருந்தன. அவை மேயப் போகும்போது குட்டிகளை நரி தூக்கிக்கொண்டு போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்குவதற்கு ஆலமரத்தடிப் பொந்து உண்டு. அந்தப் பொந்து கிடைக்காவிட்டால், அடுத்த மழையில் தணிகாசலம் நனைந்துகொண்டேதான் தூங்க வேண்டும்.

மறுநாள் காலை நேர்காணல். "என்னத்தை உடுத்திக்கிட்டுப் போறது?" என்று அது குளக்கரையில் உட்கார்ந்து வாய்விட்டுப் புலம்பியது.

அங்கே ஒரு கரிச்சான் குருவி இருந்தது. எவர் குரலையும் அப்படியே பேசும். காட்டில் எல்லோரும் அதனிடம் ஒரு தடவை ஏமாந்து முடித்தாயிற்று. புது ஆளைப் பார்த்ததும் அது புதருக்குள் புகுந்துகொண்டது.

"தம்பீ, யானை பேசுறேன்," என்றது புதர், அடித்தொண்டையில். "இப்படிக் குத்திக்கிட்டு நின்னா எவன் சேர்த்துப்பான்? பெரிய இடம்ப்பா. வழுவழுன்னு போகணும். களிமண்ணை அள்ளிப் பூசு. க்ளுக்."

"இம்புட்டூண்டு புதருக்குள்ள எப்படிண்ணே இருக்கீங்க?"

"குனிஞ்சிருக்கேன்."

தணிகாசலத்துக்கு அது நியாயமாகப் பட்டது. களிமண் பூசியது.

"நான்... ஆமை..." என்று இழுத்தது புதர். "தோள்ல... ஒரு தாமரை இலை... போடு. மரியாதையா... இருக்கும். க்ளுக்."

இலையும் ஏறியது.

கடைசியில் ஒரு கீச்சுக்குரல். "அண்ணே, நான் முயல் தலைவி மரகதத்தோட தங்கச்சி. எங்கக்காதான் ஆளெடுக்குறது. முள்ளைக் கண்டா அவளுக்கு மயக்கம் வந்துரும். நல்லா மூடிக்குங்க. அப்புறம், காதுல ஒரு பூ வச்சுக்குங்க. அவளுக்குப் பிடிக்கும். க்ளுக்."

தணிகாசலம் காதில் பூ வைத்துக்கொண்டது. 'நல்ல ஜனங்க. ஆனா எல்லாருக்கும் விக்கல் இருக்கு. தண்ணி சரியில்லை போல,' என்று நினைத்துக்கொண்டது.

காலையில் களிமண் நன்றாகக் காய்ந்திருந்தது. முழங்கால் மடங்கவில்லை. ஆலமரத்தடிக்கு அது உருண்டுதான் போயிற்று.

முயல்களின் தலைவி மரகதம் அதை மேலும் கீழும் பார்த்தது. "பானை விக்கிறவங்களா?"

"இல்லீங்கம்மா. காவல் வேலைக்கு."

"நரி வந்தா என்ன செய்வீங்க?"

"பணிவா நிப்பேங்க."

"முள்ளம்பன்றி வருதுன்னாங்களே. முள்ளு எங்கே?"

"உள்ளே பத்திரமா இருக்குங்க. உங்களுக்கு மயக்கம் வந்துரக் கூடாதில்ல."

"எனக்கா? யாரு சொன்னா?"

"உங்க தங்கச்சிதான். அவங்களுக்கு விக்கல் நின்னுச்சுங்களா?"

"எனக்குத் தங்கச்சியே கிடையாது," என்றது மரகதம். "முள்ளுக்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம். பானையை வச்சு நரியை எப்படி விரட்டுறது? போயிட்டு வாங்க."

தணிகாசலம் திரும்பிப் போகப் பார்த்தது. திரும்ப முடியவில்லை. பொந்து போயிற்று. இனி மழைதான்.

அப்போது மேலே கிளையிலிருந்து ஒரு சத்தம். "க்ளுக்."

யானை. ஆமை. தங்கச்சி. மூவரும் அந்தக் கிளையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார்கள்.

தணிகாசலத்துக்கு வாலில் பிடித்த கோபம் தலைவரை ஏறியது. முள் அத்தனையும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன. களிமண் படீரென்று வெடித்தது. ஒரு கட்டி பறந்துபோய்க் கரிச்சானைக் கிளையிலிருந்து, ஆலமரத்தை ஒட்டியிருந்த குளத்தில் தள்ளியது. முயல்கள் எல்லாம் புதருக்குள் பாய்ந்தன.

வெகுநேரம் கழித்துப் புதருக்கு மேலே இரண்டு காதுகள் மட்டும் எழுந்தன.

"நாளைக்கே வேலைக்கு வந்துருங்க," என்றது மரகதம். "இதே உடுப்புல."

தணிகாசலம் காதுப் பூவை எடுத்து, நனைந்து கரையேறிக்கொண்டிருந்த கரிச்சானின் காலடியில் வைத்தது.

"க்ளுக்," என்றது தணிகாசலம்.

வேலை தேடிப் போகிறவர் அந்த வேலை கேட்கிற உடையை உடுத்த வேண்டும், புதர் சொல்கிற உடையை அல்ல.