கல்லாகிப்போன குடும்பமும் பூவாத்தா கடைஞ்ச கீரையும்

அண்டா எப்படிப் பேசும்னு கேக்குறியா? பேசிச்சுடா, நல்லாவே பேசிச்சு. உங்க வீட்டு டிவி நாள் பூரா பேசுதே, அதுக்கென்ன பல்லும் நாக்குமா இருக்கு? குறுக்க குறுக்க வராம கேளு. பெரியவங்களும்தான், வெத்தலையை மென்னுகிட்டே கேளுங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

காக்காய்க்குக் கறுப்பு ஏறாத காலம்னு வச்சுக்கோ. அப்ப மருதங்காடுன்னு ஒரு ராஜ்யம். அதோட ஓரத்துல பூவாத்தான்னு ஒருத்தி. புருஷன் செங்கோடன், விறகு வெட்டி. மாமியா நாச்சாயி. மக சிட்டு. வீட்டுக்குப் பின்னால கிணறு, கிணத்தைச் சுத்தித் தோட்டம். காலையில பறிச்சது மத்தியானம் சட்டியில. ஒரு கீரை, ஒரு காய், சுடுசோறு. அவ்வளவுதான் சமையல்.

அந்த வீட்டுல ஒரு வழக்கம். எல்லாரும் தின்னு கை கழுவினப்புறம்தான் பூவாத்தா தட்டை எடுப்பா. சட்டியில மிச்சமிருந்தா உண்டு. இல்லைன்னா பழைய சோத்துல வெங்காயத்தைக் கடிச்சுட்டு எந்திரிப்பா. "நீ தின்னியா"ன்னு யாரும் கேக்க மாட்டாங்க. கெட்டவங்க இல்லடா. தோணல, அவ்வளவுதான்.

ஒருநாள் நெடுஞ்சடையன்னு ஒரு மந்திரவாதி வந்தான். வண்டி நிறைய செம்பு அண்டா.

"அடுப்பு வேணாம், அரிவாமனை வேணாம். கரண்டியால மூணு தட்டு தட்டு, வேணுங்கிறதைச் சொல்லு"ன்னான்.

"எங்களுக்கு எதுக்குய்யா, தோட்டம் கெடக்கு"ன்னா பூவாத்தா.

"ஆமா, தினம் கீரை, தினம் கத்திரிக்கா. நான் மனுசனா ஆடா?"ன்னான் செங்கோடன்.

"வச்சுட்டுப் போகட்டும்டி, உன் முதுகுவலியாவது குறையும்"னா நாச்சாயி. பாவம், நெசமாவே நல்லதுக்குத்தான் சொன்னா.

செங்கோடன் தட்டினான், டங் டங் டங். "கேளு கேளு, கேட்டது கொதிக்கும்!"னுச்சு அண்டா. அவன் நெய்யில மிதக்குற சோறு கேட்டான். நாச்சாயி தேன்ல ஊறின அதிரசம் கேட்டா. சிட்டு எண்ணெய் சொட்டச் சொட்ட முறுக்கு கேட்டா. அண்டாவா, கேட்டவங்களுக்கு மட்டும்தான் கொடுக்கும். பூவாத்தா வந்து எட்டிப் பாக்குறப்ப வெறும் செம்பு பளபளன்னு இருந்துச்சு. வழக்கம்போல பழைய சோறு.

அதே ஊர்ல அழகப்பன்னு ஒருத்தன், அப்பளப் பைத்தியம். அண்டாகிட்ட அப்பளம், அப்பளம், அப்பளம்னே கேட்டிருக்கான். கூரை வரைக்கும் அப்பளம். அவன் பொண்டாட்டி நடந்தா நொறு நொறு, பூனை நடந்தா நொறு நொறு. அந்த வீட்டுக்குத் திருடன்கூட வர முடியலையாம். சரி, அவன் எதுக்கு இப்ப? எங்க விட்டேன்? ஆங், பழைய சோறு.

மறுநாள் சிட்டு எந்திரிக்கல. "அம்மா, காலு கனக்குது." தட்டிப் பாத்தா டொக்குனு சத்தம். முழங்கால் வரைக்கும் கல்லு! செங்கோடனுக்கும் கல்லு, நாச்சாயிக்கும் கல்லு. அப்படியும் அண்டாவைத் தட்டிக்கிட்டேதான் இருந்தாங்க. அடுத்த நாள் இடுப்பு வரைக்கும் ஏறிடுச்சு.

நெடுஞ்சடையன் வந்தான், தட்டிப் பாத்தான். "நல்ல கல்லு. என் அரண்மனைக்குத் தூண் பத்தல. நாளைக்குச் சாயங்காலம் கண்ணுக்கு ஏறிடும், வண்டியோட வரேன்."

"பாவி! எனக்கு மட்டும் ஏன்டா ஒண்ணும் ஆகல?"ன்னா பூவாத்தா.

"நீ என் அண்டாவுல தின்னாத்தானே? எந்த வீட்டுக்குப் போனாலும் இதே தொல்லைதான், ஆக்கிப் போடுறவ மட்டும் கல்லாக மாட்டேங்குறா"ன்னு சலிச்சுகிட்டே போனான்.

மறுநாள் விடிஞ்சதும் பூவாத்தா அழுதுகிட்டே தோட்டத்துக்குப் போனா. கை சும்மா இருக்குமா? கத்திரிக்கா பறிச்சா, அரைக்கீரை கிள்ளினா. ஒரு கத்திரிக்காயில கத்தியை வச்சா, "அடியே, பாத்து! உள்ள ஆள் இருக்கேன்!"னு ஒரு குரல். பச்சைப் புழு ஒண்ணு தலையை நீட்டுது.

"வீட்டைப் பாத்து அறுக்கக் கூடாதா?"

"மன்னிச்சுக்கப்பா. என் வீடே கல்லாகிப்போச்சு"ன்னு புழுவைத் தூக்கி இலையில விட்டா.

புழுவுக்கு மனசு கேக்கல. "அந்தக் கல்லு எச்சிலுக்குக் கரையும்டி. அவங்க வாயில எச்சி ஊறணும். நீ ஊட்டிவிட்டா ஆகாது. இன்னைக்குப் பறிச்சதுக்கு அவங்களா ஆசைப்பட்டுக் கேக்கணும்."

பூவாத்தா கண்ணுல பட்ட காயெல்லாம் பறிச்சுகிட்டு ஓடினா. வெண்டைக்காயை நறுக்கி வதக்கிப் புருஷன்கிட்ட நீட்டினா. "வேணாம்டி, கனமா இருக்கு"ன்னான். மிளகு தட்டிப்போட்டுத் தக்காளி ரசம் வச்சு மாமியாகிட்ட நீட்டினா. "வேணாம்டி, கனமா இருக்கு." பூசணிக்காயில தேங்கா அரைச்சு விட்டுக் கூட்டு வச்சு மககிட்ட நீட்டினா. "வேணாம்மா, கனமா இருக்கு." கல்லு கழுத்துக்கு வந்துடுச்சு. தூரத்துல வண்டிச் சத்தம்.

கையில இருந்தது கடைசியா கீரையும் கத்திரிக்காயும். கீரையை வேகவச்சு, பூண்டு போட்டுக் கடைஞ்சா. கத்திரிக்காயைத் தணல்ல சுட்டு, தோலை உரிச்சு, சின்ன வெங்காயமும் புளியும் உப்பும் போட்டுப் பிசைஞ்சா. காஞ்ச மிளகாயைத் தாளிச்சுக் கொட்டினா, சொய்ங்குனு சத்தம், வீடெல்லாம் வாசனை. அப்பத்தான் அவளுக்குத் தலை சுத்துச்சு. அவதான் சரியா தின்னே நாளாச்சே!

அடுப்படிக்குப் போய்த் தனியாத் திங்கலாம். ஆனா கடைசி நேரத்துல அவங்களை விட்டுட்டுப் போக மனசு வரல. மூணு பேருக்கும் நடுவுல இலையைப் போட்டு உக்காந்துட்டா. சுடுசோத்துல குழி பறிச்சு, கீரையை ஊத்தி, கத்திரிக்காயைத் தொட்டு ஒரு வாய் வச்சா. கண்ணுல தண்ணி ஓடுது, வாய் பாட்டுக்கு மெல்லுது. ரெண்டாவது வாய். மூணாவது வாய்க்கு விரலை நக்கினா பாரு, சப்புனு சத்தம்!

நாச்சாயிக்கு வந்துச்சே கோவம். "அடியே! நாங்க இங்க சாகக் கெடக்கோம், நீ முன்னாடி உக்காந்து சப்புக்கொட்டித் திங்கிறியா? அப்படி என்னடி ருசி? அந்த... அந்தக் கத்திரிக்காயில கொஞ்சம் வையேன் பாப்போம்!"

கேட்டுட்டாடா! வாயோரம் எச்சி வழிஞ்சு கழுத்துல விழுந்துச்சு. படார்! கல்லு உதிருது. "அம்மா, எனக்குக் கீரை"ன்னா சிட்டு. படார்! செங்கோடன் தலையைக் குனிஞ்சான். "நீ இத்தனை நாளா தின்னியான்னுகூட நான் கேக்கலையே புள்ள"ன்னான். "உன் இலையில ஒரு உருண்டை தருவியா?" படார்!

நெடுஞ்சடையன் வாசல்ல வந்து நிக்கிறான். தூணைக் காணோம். நாலு பேரும் ஒரே இலையில கையை விட்டுச் சண்டை போட்டுகிட்டுத் திங்கிறாங்க. வாசனை அவன் மூக்குல ஏறுது. தொண்டையைச் செருமினான். "ஆத்தா... எனக்கு யாரும் ஆக்கிப் போட்டதே இல்ல. பொறந்ததுலேர்ந்து அண்டாதான். என் நெஞ்சுக்குள்ள கல்லு கனக்குது."

செங்கோடன் கோடாலியை எடுத்தான். பூவாத்தா கையைப் புடிச்சா. "பசின்னு வந்தவனை வெட்டுவியா? ஏய்யா, சடையை முடி, கையைக் கழுவு, வந்து உக்காரு."

ஒரு வாய் தின்னான், படார்னு நெஞ்சு உடைஞ்சு ஓன்னு அழுதான். ஊரு பூரா அண்டாங்க வாய் அடைச்சுப்போச்சு. பூவாத்தா சொல்லக் கேட்டு ஒவ்வொரு வீட்டுப் பொம்பளையும் முதல் ஆளா உக்காந்து தின்னா, ஒவ்வொரு வீட்டுலயும் படார் படார்! அவன் கடைசி மந்திரத்தைப் பூவாத்தா கிணத்துல ஓதிட்டுப் போனான். எந்தக் கோடையிலயும் அது வத்தல, தோட்டம் காயல. அதுக்கப்புறம் அந்த ஊர்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்துதான் சாப்பாடு.

அவங்க அங்க நல்லாத் தின்னு நல்லா இருக்கட்டும், நமக்கு இங்க வயிறு கூப்பிடுது. அடியே தெய்வானை! முத்தத்துல முறத்தோட அவரைக்காயை வச்சேன், தூறல் போடுது பாரு. உள்ள எடுத்துட்டு வாடி!